கதவு மூடித்தான் இருந்துச்சு

பெரம்பலூர் வார்டு கூட்டத்துல நான் பேசினதை எழுத்தா போடச் சொல்லி நிறைய பேர் கேட்டாங்க. அங்க பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க போடுறேன். நீளமாத்தான் இருக்கும். ஆனா நம்ம தெருவைப் பத்தினது, அதனால முழுசா படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.



மேடையில ஏறினா முதல்ல தலைவரைப் பத்திப் பேசணும், அப்புறம் எதிர்க்கட்சியைத் திட்டணும். இன்னைக்கு ரெண்டும் இல்ல. ஒரு கேள்வி மட்டும் கேக்குறேன். உங்க தெருவுல கடைசியா ஒரு திருட்டு நடந்தப்போ நீங்க என்ன பண்ணீங்க?

துறைமங்கலத்துல கேட்டாலும் பாலக்கரையில கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒண்ணுதான். "நம்ம வீட்டுல இல்லப்பா, ரெண்டு வீடு தள்ளி." "போனது போச்சு, ஸ்டேஷனுக்குப் போனா நம்மளையே நாலு கேள்வி கேப்பாங்க." "நமக்கு எதுக்கு வம்பு." இப்ப புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு: "நாங்கதான் கேமரா மாட்டிட்டோமே."

இந்த நாலு பதிலும் என்ன செய்யும்னு சொல்ல, தொலைதூரத்துக்கு எல்லாம் போக வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக்குள்ளயே ஒரு ஊர் இருக்கு. ஸ்ரீபுரந்தான்.

அங்க சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில். உள்ள ஐம்பொன் சிலைகள், அதுல ஒரு நடராஜர். கோயிலுக்கு வருமானம் இல்ல, பூஜை நின்னு போச்சு, கதவைச் சாத்திட்டாங்க. சாமி உள்ள இருக்கார், கதவு மூடி இருக்கு, அப்புறம் என்ன பயம்? 2006-ல திருடனுங்க ராத்திரியில வந்து சிலைகளை எடுத்துட்டுப் போயிட்டானுங்க. நடராஜரோட சேர்த்து எட்டு சிலை. ஊருக்குத் தெரியாது. ஏன்னா கதவு மூடித்தான் இருந்துச்சு.

அந்த நடராஜர் கடல் தாண்டி, நியூயார்க்குல கடை வெச்சிருந்த சுபாஷ் கபூர் கைக்குப் போனார். 2008-ல ஆஸ்திரேலியா கான்பெர்ராவுல இருக்கிற தேசிய கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலருக்கு மேல கொடுத்து வாங்குச்சு. அதே 2008-ல நம்ம ஊருல என்ன நடந்துச்சு தெரியுமா? "சிலைகளுக்குப் பாதுகாப்பு இல்ல, வேற இடத்துல பத்திரமா வெச்சுக்கலாம்"னு அதிகாரிகள் வந்தாங்க. ஊர்க்காரங்க விடல. எங்க சாமி எங்க ஊர்லதான் இருக்கணும்னு நின்னாங்க. அந்தப் பாசத்தை நான் குறை சொல்லல. ஆனா உள்ள சாமியே இல்ல. அப்புறம் கதவைத் திறந்து பார்த்தப்பதான் ஊரே தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு.

ரெண்டு வருஷம். இந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தராவது ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தா?

நடராஜர் எப்படித் திரும்பி வந்தார்ங்கிறதையும் சொல்லணும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளை எல்லாம் பல வருஷத்துக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சிருந்துச்சு. அந்தப் பழைய போட்டோவையும் கலைக்கூடம் வெளியிட்ட போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரே சிலை. மறுக்க முடியல. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலிய பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து கையில கொடுத்துட்டுப் போனார். கபூர் 2011-ல ஜெர்மனியில பிடிபட்டு, 2012-ல இங்க கொண்டு வரப்பட்டார். உடையார்பாளையம் பக்கம் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலை வழக்குல 2022 நவம்பர் 1-ம் தேதி கும்பகோணம் நீதிமன்றம் 10 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. யாரோ ஒருத்தர், எதுக்கு உதவும்னே தெரியாம, எடுத்து வெச்ச ஒரு கருப்பு வெள்ளை போட்டோதான் சாட்சி.

சரி, இப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. உங்க செல்போனோட ஐ.எம்.இ.ஐ. நம்பர் எழுதி வெச்சிருக்கீங்களா? *#06# அடிச்சா திரையில வரும், அம்மாவோட டைரியில எழுதி வைங்க. போன் போச்சுன்னா புகார் கொடுத்துட்டு, சி.இ.ஐ.ஆர். தளத்துல அந்த நம்பரைப் போட்டு முடக்கலாம். வண்டியோட என்ஜின் நம்பர், நகையோட பில், போட்டோ? கிணத்து மோட்டார் மேல ஒட்டியிருக்கிற தகட்டுல ஒரு வரிசை எண் இருக்கும், அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா? திருட்டுப் பொருள் பிடிபட்டும் "இது உன்னுதுதான்னு எப்படிச் சொல்ற?"ங்கிற கேள்விக்குப் பதில் இல்லாம நின்ன விவசாயியை நீங்களும் பார்த்திருப்பீங்க.

கேமரா விஷயத்துக்கு வர்றேன். நான் படிச்சது என்ஜினியரிங், அதனால இதுல கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கங்க. கேமரா வேணாம்னு சொல்லல. நல்லா மாட்டுங்கன்னு சொல்றேன். நம்ம தெருவுல பாதி வீட்டுல கேமரா மாடி உயரத்துல இருக்கும், வர்றவன் தலை மட்டும்தான் தெரியும். தேதி, நேரம் தப்பா ஓடும். பதிவு ஆகிற பெட்டி ஹால்ல டி.வி.க்குப் பக்கத்துலயே இருக்கும், திருடன் நகையோட அதையும் தூக்கிட்டுப் போவான். ஹார்ட் டிஸ்க் நிரம்பினா பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும். வெளியூர் போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது. டிஸ்க் எப்பவோ செத்துப் போயிருக்கும், ஆனா கேமராவுல சிவப்பு லைட் மட்டும் எரியும். அதுவும் ஸ்ரீபுரந்தான் கதவு மாதிரிதான்.

மாசத்துல ஒரு நாள் போன வாரத்துப் பதிவைத் திறந்து பாருங்க. ஓடுதா? முகம் தெரியுதா? நேரம் சரியா இருக்கா? சம்பவம் நடந்தா திரையை செல்போன்ல வீடியோ எடுத்து குரூப்புல சுத்த விடாதீங்க. பெட்டியில இருந்து ஒரிஜினல் பதிவை எடுத்துக் கொடுங்க. கோர்ட்டுல அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும். பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவு அதைத்தான் சொல்லுது.

நம்ம மாவட்டத்துல திருட்டுன்னா நகை மட்டும் இல்ல. 2019 டிசம்பர் ஞாபகம் இருக்கா? வெங்காய விலை விண்ணைத் தொட்ட மாசம். ஆலத்தூர் தாலுகா கூத்தனூர்ல ஒரு விவசாயி நடவுக்காக வெச்சிருந்த விதை வெங்காயம், சுமார் 350 கிலோ, ராத்திரியோட ராத்திரியா காணோம். வெளியூர்க்காரங்க சிரிச்சாங்க, மீம்ஸ் போட்டாங்க. சின்ன வெங்காயம் போடுற நமக்குத்தான் தெரியும், விதை போனா அந்தப் போகமே போச்சு. வயல்ல பட்டறை போட்டு வெச்சிருக்கிற வெங்காயத்துக்குப் பூட்டு எங்க இருக்கு? கேமரா எங்க மாட்டுவீங்க? அங்க பக்கத்து வயல்காரர் கண்ணுதான் காவல்.

ஆடும் அப்படித்தான். "ஆட்டுத் திருட்டா?"ன்னு இளக்காரமா கேக்கிறவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன். பூமிநாதன். திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு உதவி ஆய்வாளர். 2021 நவம்பர் 21 விடியக்காலையில ஆடு திருடிட்டு டூ வீலர்ல போனவங்களை வண்டியிலயே துரத்திட்டுப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்துல வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவங்கள்ல சிறுவர்களும் இருந்தாங்க. ஒரு ஆட்டுக்காக ஒரு போலீஸ்காரர் உயிரையே கொடுத்திருக்கார். நாம ஆடு போனா புகார் கொடுக்கவே கூச்சப்படுறோம்.

புகார் கொடுக்காம இருக்கிறதால என்ன ஆகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? குற்றக் கணக்கு எஃப்.ஐ.ஆர்.ல இருந்துதான் போகுது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுற புத்தகமும் அதை வெச்சுத்தான். உங்க தெருவுல அஞ்சு வீட்டுல மோட்டார் ஒயர் போயிருக்கும். அஞ்சு பேரும் சும்மா இருந்தா, காகிதத்துல உங்க தெரு தமிழ்நாட்டுலயே அமைதியான தெரு. அப்புறம் எந்தக் கணக்கைக் காட்டி ராத்திரி ரோந்து கேப்பீங்க, லைட் கேப்பீங்க?

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. மக்கள் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குறதுக்குக் காரணம் மக்கள் மட்டும் இல்ல. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல தகப்பனையும் மகனையும் கூட்டிட்டுப் போய் என்ன பண்ணாங்கன்னு நாடே பார்த்துச்சு. அதைப் பார்த்த ஒரு சாதாரண ஆள் "எதுக்கு வம்பு"ன்னு சொன்னா, அவரைக் கோழைன்னு நான் சொல்ல மாட்டேன். யார் ஆட்சியில இருந்தாலும் அந்த பயத்தைப் போக்க வேண்டியது அரசாங்கத்தோட வேலை. ஆனா அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிற சட்டத்தை நாம தெரிஞ்சுக்கலாம் இல்ல?

கைது செய்யக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டம். அதுல 173-வது பிரிவை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகார் கொடுக்கலாம், "இது எங்க எல்லை இல்ல"ன்னு திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைன்ல அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்துப் போடணும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை இருக்கிற குற்றம்னா, டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம், அதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. புகாரை வாங்கலைன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்புங்க, அதுக்கும் பதில் இல்லைன்னா மாஜிஸ்திரேட். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தா வாங்கிக்கங்க, ஆனா அது எஃப்.ஐ.ஆர். இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே நிறைய பேர் ரசீதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துடுறாங்க.

ஒரு நுணுக்கம். 5,000 ரூபாய்க்குக் கீழ உள்ள திருட்டுக்கு இப்ப கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் நேரடியா விசாரிக்க முடியாது. அதனால போன பொருளோட மதிப்பைச் சரியா எழுதுங்க. "பழைய ஒயர்தான் சார், என்ன ஒரு ரெண்டாயிரம் இருக்கும்"னு நீங்களே குறைச்சுச் சொல்லாதீங்க. கூட்டியும் சொல்லாதீங்க. பில் இருந்தா அதை வைங்க. இதுக்குத்தான் முன்னாடியே போட்டோ, பில்னு உயிரை வாங்கினேன்.

இப்ப நம்ம ஐ.டி. விங் தோழர்களுக்குன்னு ஒரு விஷயம். கொஞ்சம் கசக்கும்.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல அத்திமூர். சென்னையில இருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலைத் தேடி கார்ல வந்தாங்க. வழி கேக்க நிறுத்தினாங்க. கூட வந்த 65 வயசு அம்மா அங்க விளையாடிட்டு இருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி பல நாளா "வடநாட்டுல இருந்து குழந்தை கடத்துற கும்பல் இறங்கியிருக்கு"ன்னு வாட்ஸ்அப்ல ஆடியோவும் வீடியோவும் சுத்திட்டு இருந்துச்சு. ஊர் திரண்டு அடிச்சதுல அந்த அம்மா இறந்துட்டாங்க. கூட வந்தவங்க படுகாயம். சாமி கும்பிட வந்த குடும்பம் தோழர்களே.

அந்த ஊர்க்காரங்க யாரும் தொழில் கொலைகாரங்க இல்ல. "ஊரைக் காப்பாத்துறோம்"னு நினைச்சவங்க. அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்ததுக்கு அப்புறம்தான் ஜூலை மாசம் வாட்ஸ்அப், இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வேர்ட் பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. ஸ்ரீபுரந்தான்ல யாரும் பார்க்கல. அத்திமூர்ல எல்லாரும் பார்த்தாங்க, ஆனா கண்ணால இல்ல, போனால பார்த்தாங்க.

இன்னைக்கும் நம்ம குரூப்புகளுக்கு மாசத்துல ரெண்டாவது வருது. "உஷார், கம்பளி விக்கிற மாதிரி வர்றாங்க." "வீட்டு வாசல்ல குறி போடுறாங்க." தேதி இருக்காது, ஊர் பேர் இருக்காது, எந்த ஸ்டேஷன்னு இருக்காது. கடைசியில "அதிகம் பகிரவும்" மட்டும் இருக்கும். ஒரு ஒன்றியத்துக்கு எத்தனை குரூப், ஒரு குரூப்புல எத்தனை பேர்னு நமக்குத்தான் நல்லா தெரியும். நாம ஒண்ணைத் தட்டிவிட்டா அது எவ்வளவு தூரம் போகும்னும் தெரியும். அதனால தேதி, இடம், ஸ்டேஷன் மூணும் இல்லாத எந்த எச்சரிக்கையும் நம்ம குரூப்புல இருந்து வெளிய போகக் கூடாது. அட்மினா இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க.

இன்னொண்ணு. திருட்டு நடந்த உடனே விரல் எங்க நீளுது? டயர் ஆலையில வேலை பார்க்கிற பீகார் பையன் மேல, சிமென்ட் ஆலைக்கு வந்த ஒடிசாக்காரர் மேல, ஊர் ஊரா ஊசி பாசி விக்கிறவங்க மேல. இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு? 1871-ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். பிறந்த குழந்தையில இருந்து ஒரு சமூகத்தையே திருடன்னு எழுதி, ரேகை வாங்கி, ராத்திரி ஸ்டேஷன்ல வந்து படுக்க வெச்சான். சென்னை மாகாணத்துல 1947-லயே அந்தச் சட்டத்தை ஒழிச்சாச்சு. சட்டம் போச்சு, நம்ம மண்டையில இருந்து போகல. சமூகநீதின்னு மேடையில பேசுற நாம, தெருவுல ஒரு ஒயர் காணாம போனா சாதியைப் பார்த்து சந்தேகப்பட்டா அது என்ன நியாயம்?

சந்தேகம் வந்தா ஆளைப் பார்க்காதீங்க, நடந்ததைப் பாருங்க. எந்த வண்டி, என்ன நம்பர், எத்தனை மணி, எந்தப் பக்கம் போச்சு. அதை 100-க்கோ 112-க்கோ சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடியே ஒருத்தன் செயின் அறுத்து, நீங்க பிடிச்சுட்டீங்கன்னு வைங்க. பிடிக்கிற உரிமை சட்டத்துலயே இருக்கு, ஆனா ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். அடிக்கிற உரிமை இல்ல. கம்பத்துல கட்டி வெச்சு வீடியோ எடுக்கிற உரிமையும் இல்ல. சாதி, மொழி, பிறந்த இடம் பார்த்து அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து அடிச்சுக் கொன்னா, இப்ப ஆயுள் இல்லைன்னா தூக்கு.

"அப்ப இளைஞர்களை வெச்சு ராத்திரி ரோந்து கமிட்டி போடலாமா?"ன்னு கூட்டத்துல ஒரு அண்ணன் கேட்டார். எனக்கு அதுல தயக்கம் இருக்கு. 1993-ல ராமநாதபுரத்துல நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்ச ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு, சாத்தான்குளத்துக்கு அப்புறம் 2020-ல தடை பண்ற நிலைக்கு வந்துச்சு. கையில தடி, கழுத்துல அடையாள அட்டை, இது ரெண்டும் வந்துட்டா நம்ம பையனே மாறிடுவான். அதுக்கு மேல கட்சிக் கரை வேட்டியும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல ராபர்ட் சாம்ப்சன்னு ஒரு சமூகவியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 343 குடியிருப்புப் பகுதிகள்ல 8,782 பேரைக் கேட்டு 1997-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அவங்க கேட்ட கேள்விகள்ல ஒண்ணு: பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகாம தெரு முனையில நின்னா உங்க ஏரியாக்காரங்க தட்டிக் கேப்பாங்களா? கேப்போம்னு சொன்ன, ஒருத்தரை ஒருத்தர் நம்புற பகுதிகள்ல வன்முறை கம்மியா இருந்துச்சு. அது பணக்கார ஏரியாவா ஏழை ஏரியாவாங்கிறதைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். நம்ம ஊர்ல திண்ணையில உக்காந்து "யார்ரா அது, யார் வீட்டுப் பையன்"னு கேட்ட தாத்தா பண்ணினதும் அதேதான். இப்ப திண்ணையை இடிச்சு காம்பவுண்டு கட்டிட்டோம். பையன் துபாய்ல, பொண்ணு சென்னையில, வீட்டுல வயசான அம்மா மட்டும். லெப்பைக்குடிகாடு பக்கம் போய்ப் பாருங்க, வெளிநாட்டுப் பணத்துல கட்டின எத்தனை வீடு பூட்டியே கிடக்குதுன்னு.

அதனால நான் கேக்கிறது சின்ன விஷயம். உங்க வலது பக்க வீடு, இடது பக்க வீடு, எதிர் வீடு. இந்த மூணு வீட்டுக்காரங்க போன் நம்பர் உங்ககிட்ட இருக்கணும், உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கணும். வெளியூர் போனா அவங்ககிட்டயும் ஸ்டேஷன்லயும் சொல்லிட்டுப் போங்க, ஸ்டேட்டஸ்ல சொல்லாதீங்க. தனியா இருக்கிற அம்மாவை சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்க. அவங்களுக்கு இப்ப திருடன் கதவு வழியா வர்றதை விட போன் வழியாத்தான் அதிகம் வர்றான். "டிஜிட்டல் கைது"ன்னு யாராவது மிரட்டினா அப்படி ஒண்ணு சட்டத்துலயே இல்லைன்னு சொல்லுங்க. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930.

இதுல கட்சி பார்க்காதீங்க. எதிர்க்கட்சி வட்டச் செயலாளர் வீடு பூட்டிக் கிடந்தாலும், ராத்திரி அங்க டார்ச் வெளிச்சம் தெரிஞ்சா போன் பண்ணுங்க. தேர்தல் அப்போ சண்டை போட்டுக்கலாம்.

அரசாங்கத்துகிட்ட கேக்க வேண்டியதைக் கேக்கிறதுக்கும் இடம் இருக்கு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோட முடிஞ்சு போச்சு. தலைவர் நாற்காலி காலியா இருந்தாலும் சபைக்கு வேலை உண்டு. எந்தக் கம்பத்துல லைட் எரியல, எந்த முட்டுச்சந்துல ரோந்து வர்றதில்ல, எத்தனை புகார் கொடுத்து எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆச்சு, இதையெல்லாம் தீர்மானமா எழுத வைங்க. வாய்ல சொன்னா காத்துல போயிடும்.

முதல் வேலையை இங்கயே ஆரம்பிக்கலாம். உங்க தெருவுல எரியாத தெருவிளக்குக் கம்பத்துல ஒரு எண் பெயின்ட்ல எழுதியிருக்கும். அந்த எண்ணையும் தெரு பேரையும் கமெண்ட்ல போடுங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் போடலாம். வார்டு வாரியா, ஊராட்சி வாரியா பிரிச்சு மனுவா எழுதுற வேலையை ஐ.டி. விங் பார்த்துக்கும். மனு கொடுக்கப் போகும்போது அந்தத் தெருக்காரங்க ரெண்டு பேர் கூட வரணும், அது மட்டும்தான் நிபந்தனை. எங்க தெருவுல எரியாத மூணு கம்பத்தோட எண்ணை முதல் கமெண்ட்ல நானே போட்டிருக்கேன்.